ஒரு முறை படகேற 746 ரூபாய்

சிறுவர் பாய்மரப் படகுப் பந்தயம் என்று பேச்செடுத்தாலே, கேட்பவர் முதலில் கேட்பது "படகு என்ன விலை?" என்றுதான். விலையைச் சொன்னதும் "அதெல்லாம் பணக்காரங்க சமாச்சாரம்" என்று பேச்சு முடிந்துவிடும். கேள்வி நியாயமானது, பதில்தான் பாதியில் நின்றுபோகிறது. ஒரு படகு எத்தனை வருடம் உழைக்கும், வருடத்தில் எத்தனை நாள் தண்ணீரில் இருக்கும், அதில் எத்தனை பிள்ளைகள் மாறி மாறி ஏறுவார்கள் என்றெல்லாம் கேட்டால்தான் கணக்கு முழுமையாகும். அதை ரூபாயாகவே போட்டுப் பார்க்கிறேன்.

உலகம் முழுக்கச் சிறுவர்கள் பந்தயம் விடும் படகு ஆப்டிமிஸ்ட். ஓட்டும் பிள்ளைகளின் வாயில் அது 'ஆப்டி'. நீளம் 2.36 மீட்டர், அகலம் 1.13 மீட்டர், வெறும் உடலின் குறைந்தபட்ச எடை 35 கிலோ, பாயின் பரப்பு சுமார் 3.3 சதுர மீட்டர். ஓராள் படகு. 15 வயது நிறையும் வருடம் முடியும் வரை போட்டியிடலாம். இதுவரை பதிவான ஆப்டிகள் 1,50,000-க்கும் மேல். நூற்றுக்கும் அதிகமான நாடுகளில் ஓடுகின்றன.

இது பிறந்ததே ஒரு செலவுக் கணக்கிலிருந்துதான். 1947-இல் அமெரிக்காவின் புளோரிடா மாநிலம், கிளியர்வாட்டர் நகரில், மேஜர் கிளிஃபர்ட் மெக்கே என்பவர் ஒரு யோசனை சொன்னார்: ஊர்க் கடைக்காரர்கள் ஆளுக்கொரு படகின் செலவை ஏற்றால் எல்லாப் பிள்ளைகளும் பந்தயம் விடலாம். படகு 50 டாலருக்குள் முடிய வேண்டும் என்பது நிபந்தனை. கிளார்க் மில்ஸ் என்ற படகு கட்டுபவர் 4-க்கு 8 அடி பிளைவுட் பலகை இரண்டை எடுத்துக்கொண்டு அதற்குள் அடங்கும்படி வரைந்தார். எட்டடிப் பலகையில் வெட்ட வேண்டும் என்பதால்தான் ஆப்டியின் நீளம் 7 அடி 9 அங்குலம். மூக்கு கூராக இல்லாமல் பெட்டிபோல மழுங்கி இருப்பதும் சிக்கனத்துக்காகவே.

அன்றைய 50 டாலர், விலைவாசி உயர்வைச் சேர்த்தால் இன்றைக்கு சுமார் 700 டாலர். நம் பணத்தில் ஏறக்குறைய 60,000 ரூபாய். இன்று போட்டித் தரத்தில் ஒரு புதிய ஆப்டிக்கு ஐரோப்பாவில் 3,000 முதல் 4,500 யூரோ வரை ஆகிறது. யூரோவுக்கு 100 ரூபாய் என்று வைத்தால் 3 லட்சத்திலிருந்து நாலரை லட்சம். மில்ஸ் நினைத்த விலையைப் போலக் குறைந்தது ஐந்து மடங்கு. பிளைவுட் போய் ஃபைபர் கிளாஸ் வந்தது; அலுமினியப் பாய்மரம் வந்தது; 1995 முதல் உலகம் முழுக்க எல்லாப் படகும் ஒரே அச்சில், ஒரே அளவில் இருக்க வேண்டும் என்ற விதி வந்தது. விதி கடுமையானாலும் அதில் ஒரு லாபம் உண்டு. பத்து வருடத்துப் பழைய படகும் நேற்று பிரித்த புதுப் படகும் ஒரே வடிவம் என்பதால், பழையதைப் பார்த்துப் பராமரித்தால் அதிலேயே பந்தயம் விடலாம். கிளப்புக்கு இதைவிட நல்ல செய்தி இல்லை.

கரையில் படகைத் தயார்செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தால் இந்த விளையாட்டில் சின்ன அளவுகளுக்கு எவ்வளவு மதிப்பு என்பது தெரியும். ஒன்பது வயதுப் பிள்ளை பாயின் ஓரத்துக் கண்களில் மெல்லிய கயிற்றைக் கோத்து மரத்தோடு கட்டுகிறது. பாய்க்கும் மரத்துக்கும் நடுவே 10 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி விழக் கூடாது என்பது விதி. பிள்ளை தன் சுண்டுவிரலை விட்டுப் பார்க்கும்; தாராளமாக நுழைந்தால் முடிச்சை அவிழ்த்துத் திரும்பக் கட்டும். முன்பக்கத்தில் மிதக்கும் கயிறு ஒன்று: 5 மில்லிமீட்டர் தடிமன், 8 மீட்டர் நீளம், இரண்டுமே குறைந்தபட்ச அளவு. காற்று செத்துப்போனால் மீட்புப் படகு அதைப் பிடித்துத்தான் இழுத்துவரும். உள்ளே மூன்று காற்றுப்பைகள். லைஃப் ஜாக்கெட்டில் ஒரு விசில். அப்புறம், அடிப்பாகம் அறுத்த பிளாஸ்டிக் கேன் ஒன்று, படகோடு கயிற்றால் கட்டியபடி. படகு கவிழ்ந்து நிமிரும்போது 150 லிட்டர் தண்ணீர் உள்ளே நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு லிட்டர் கேனால் 75 முறை இறைக்க வேண்டும். மொத்த உபகரணத்திலும் காசே இல்லாமல் கிடைப்பது அந்தக் கேன் ஒன்றுதான். அதைக் கட்ட மறந்த பிள்ளையின் படகு அன்றைக்குப் பந்தயத்தை முடிக்காது.

பாயில் விழும் பாரம் காற்றின் வேகத்துக்கு நேராக ஏறுவதில்லை, வேகத்தின் வர்க்கமாக ஏறும். ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர். 10 நாட் காற்றில் ஆப்டியின் பாயைத் தள்ளும் விசை தோராயமாக 5 கிலோ எடைக்குச் சமம். 15 நாட்டில் 12 கிலோ. 20 நாட்டில் 21 கிலோ. காற்று இரண்டு மடங்கு, பாரம் நான்கு மடங்கு. 40 கிலோ எடையுள்ள பிள்ளை படகின் உள்தளத்திலுள்ள பட்டையில் பாதத்தை மாட்டிக்கொண்டு, உடம்பை வெளியே தொங்கவிட்டு அந்தப் பாரத்தைச் சரிக்கட்ட வேண்டும். ஒரு கையில் சுக்கான், மறு கையில் பாய்க் கயிறு. எதிர்க்காற்றில் நேராகப் போக முடியாது. 45 பாகை சாய்ந்து சாய்ந்து, மாறி மாறித்தான் ஏற முடியும். ஆகவே காற்று வரும் திசையில் ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் மிதவையை அடைய படகு ஓடுவது 1.4 கிலோமீட்டர். கொண்டல் காற்று எப்போது திரும்பும், கச்சான் காற்று எப்போது ஓயும் என்று வானத்தைப் பார்த்துச் சொல்லும் வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு இந்தப் பாடத்தில் பாதி ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

பந்தயம் தொடங்கும் முறையும் எண்கள்தான். ஐந்து நிமிடத்துக்கு முன் ஒரு கொடி, நான்கில் இன்னொன்று, ஒரு நிமிடத்தில் ஒன்று இறங்கும், பூஜ்யத்தில் விடுவார்கள். கோட்டின் நீளத்தைப் படகுகளின் மொத்த நீளத்தோடு ஒன்றரையைப் பெருக்கிப் போடுவது வழக்கம்: 30 படகு, தலா 2.36 மீட்டர், ஆக 106 மீட்டர். முந்திக்கொண்டு கோட்டைத் தாண்டினால் திரும்பி வந்து மறுபடி தொடங்க வேண்டும். பிந்தினாலும் நஷ்டம். 3 நாட் வேகத்தில் வரும் ஆப்டி இரண்டு விநாடி தாமதித்தால் 3 மீட்டர் பின்னால். அதாவது தன் முழு நீளத்துக்கும் மேல்.

மதிப்பெண் போடும் விதம் எனக்கு மிகவும் பிடித்தது. முதலில் வந்தால் 1, இரண்டாவது 2, முப்பதாவது 30. முடிக்காதவருக்குப் பதிவான படகுகளின் எண்ணிக்கையோடு ஒன்று கூட்டி 31. எல்லாப் பந்தயத்தையும் கூட்டி, ஆக மோசமான ஒன்றைக் கழித்துவிட்டு, யாருக்குக் குறைவோ அவரே வென்றவர். எட்டுப் பந்தயத்தில் ஒரு சிறுமியின் எண்கள் 3, 5, 2, 31, 4, 6, 3, 5 என்று வைப்போம். மொத்தம் 59, 31-ஐக் கழித்தால் 28. ஒரு சிறுவனுக்கு 4, 4, 5, 4, 3, 5, 4, 4. மொத்தம் 33, ஒரு 5-ஐக் கழித்தால் அவனுக்கும் 28. சமன் வந்தால் இருவரின் நல்ல எண்களையும் வரிசையாக அடுக்கிப் பார்ப்பார்கள். அவளிடம் ஒரு 2 இருக்கிறது. அவனுடைய சிறந்த எண் 3. அவளுக்கே வெற்றி. ஒரு நாள் கயிறு அறுந்து கரைக்கு இழுத்துவரப்பட்ட பிள்ளைக்கும் இந்த முறையில் இடம் உண்டு; ஒன்றே ஒன்றுதான் மன்னிக்கப்படும் என்பதால் அலட்சியத்துக்கு இடமில்லை.

பெரிய மேடையிலும் இதே கணக்குதான். 2023-இல் நடந்த ஹாங்சோ ஆசியப் போட்டியில் பெண்களுக்கான ஐ.எல்.சி.ஏ. 4 என்ற ஓராள் படகுப் பிரிவில் 17 வயது நேகா தாக்கூர் 11 பந்தயங்களில் எடுத்தது 32. மோசமான பந்தயத்தின் 5 கழிய, 27. தங்கம் வென்ற தாய்லாந்து வீராங்கனைக்கு 16. வெண்கலம் பெற்ற சிங்கப்பூர் பெண்ணுக்கு 28. ஒரே ஒரு புள்ளி நேகாவுக்கு வெள்ளியைத் தந்தது. அதே போட்டியில் வேலூரைச் சேர்ந்த விஷ்ணு சரவணன் ஐ.எல்.சி.ஏ. 7 பிரிவில் 34 புள்ளிகளோடு வெண்கலம் வென்றார். வெள்ளி வென்ற கொரியருக்கு 33.

நேகாவின் ஊர் மத்தியப் பிரதேசத்தின் தேவாஸ் மாவட்டம். விவசாயக் குடும்பம். அந்த மாநிலத்துக்குக் கடற்கரையே கிடையாது. போபால் பெரிய ஏரியில் தேசியப் பாய்மரப் பள்ளி என்று ஒன்று இருந்தது. அவர் அதில் சேர்ந்தார். ஹைதராபாத்தில் 2009-இல் சுஹைம் ஷேக் தொடங்கிய கிளப் ஹுசேன் சாகர் ஏரியில் வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகளைப் பாய்மரப் பந்தயத்துக்குப் பழக்குகிறது. சென்னையின் நேத்ரா குமணன் 2009-இல் தமிழ்நாடு செயிலிங் அசோசியேஷன் நடத்திய கோடை முகாமில்தான் முதன்முதலாகப் படகேறினார். ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பாய்மர வீராங்கனை அவர். கடல் இருக்கிறதா, அப்பாவிடம் பணம் இருக்கிறதா என்பதைவிட, பொதுவில் ஏறிக்கொள்ளப் படகு இருந்ததா என்பதே இந்த மூன்றிலும் எனக்கு முதலில் கண்ணில் படுகிறது. அதனால்தான் சொந்தப் படகு, கிளப் படகு இரண்டுக்கும் தனித்தனியே கணக்கு எழுதுகிறேன்.

கீழே வரும் தொகைகள் நானாக வைத்துக்கொண்ட மாதிரித் தொகைகள். ஊருக்கு ஊர் ஏறும், இறங்கும். படகின் விலை வரிக்கு முன் 3 லட்சம். 40 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து 4 லட்சத்து 20 ஆயிரம். கப்பல் கூலியும் சுங்கவரியும் இதில் இல்லை.

முதலில் சொந்தப் படகு. பெற்றோர் வாங்குகிறார்கள், பிள்ளை ஐந்து வருடம் ஓட்டியபின் பாதி விலைக்கு விற்கிறார்கள். தேய்மானம் வருடத்துக்கு 42,000. போட்டிக்கென்று வருடம் ஒரு புதுப் பாய் 50,000. கயிறு, கப்பி, பழுது 15,000. மொத்தம் 1,07,000. வாரம் இரண்டு நாள், 40 வாரம், ஆக 80 முறை. ஒரு முறைக்கு 1,338 ரூபாய். வாரத்தில் ஐந்து நாள் படகு உறை போர்த்திச் சும்மா கிடக்கிறது. செலவின் பெரும்பகுதி அந்த ஐந்து நாளுக்குத்தான் போகிறது.

அதே படகு கிளப்பினுடையது என்றால்:

படகு, 12 வருடத்துக்குப் பிரித்து: 35,000
பாய், இரண்டு வருடத்துக்கு ஒன்று: 25,000
கயிறு, கப்பி, பழுது: 15,000
வருடச் செலவு: 75,000
வாரம் 3 நாள், 40 வாரம், நாளுக்கு 2 குழு: 240 முறை
ஒரு முறைக்கு: 313 ரூபாய்

கால்வாசிக்கும் குறைவு. பன்னிரண்டு வாரத்தை விட்டது வடகிழக்குப் பருவமழைக்கும் தேர்வுக்கும். பாய் விஷயத்தில் கிளப் இன்னும் சிக்கனமாக இருக்க முடியும்: போட்டி நாளுக்கு நல்ல பாய், பயிற்சிக்குப் பழைய பாய். வெயில்தான் பாயைத் தின்கிறது. ஓட்டி முடித்ததும் கழற்றி நன்னீரில் அலசி நிழலில் சுருட்டினால் ஒரு வருடம் கூடுதலாக உழைக்கும். பிள்ளைகளுக்கு முதல் வாரத்திலேயே இதைக் கற்றுக்கொடுக்க வேண்டும்.

படகின் விலையை மட்டும் பேசுகிறவர்கள் மறந்துவிடுவது மீட்புப் படகு. பிரிட்டனின் பாய்மரப் பயிற்சி அமைப்பு ஓராள் படகு ஆறுக்கு ஒரு பயிற்றுநர் என்று வரையறை வைத்திருக்கிறது. மீட்புப் படகுக்கும் அந்த விகிதத்தையே நான் எடுத்துக்கொள்கிறேன்; இதில் ஒரு எண்கூடக் குறைக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. மோட்டாரோடு மீட்புப் படகு 8 லட்சம் என்று வைத்து 10 வருடத்துக்குப் பிரித்தால் 80,000, சர்வீஸ் 40,000. ஒரு குழுவுக்கு மூன்று மணி நேரம், மணிக்கு 3 லிட்டர், ஆக 9 லிட்டர். சென்னையில் பெட்ரோல் லிட்டர் 100 ரூபாயை ஒட்டி இருப்பதால் 900 ரூபாய். பயிற்சியாளருக்கு ஒரு குழுவுக்கு 1,200. ஆறு பிள்ளைகளுக்குப் பகிர்ந்தால், ஒரு முறைக்கு எரிபொருள் 150, பயிற்சியாளர் 200, மீட்புப் படகின் தேய்மானமும் சர்வீஸும் 83. இந்த 433 ரூபாய் யார் படகில் போனாலும் உண்டு. கிளப் படகின் 313-ஐக் கூட்டினால் 746. சொந்தப் படகென்றால் 1,771.

ஆறு படகு, ஒரு மீட்புப் படகு கொண்ட கிளப்பில் வருடத்துக்கு 1,440 முறை ஏறலாம். பிள்ளைக்கு 60 முறை என்று கொடுத்தால் 24 பேர். வருட மொத்தச் செலவு 10 லட்சத்து 74 ஆயிரம். தலைக்கு 44,750 ரூபாய், மாதம் சுமார் 3,730. சாதாரணக் குடும்பத்துக்கு இது இன்னும் கனமான தொகைதான், மறுக்கவில்லை. ஆனால் பள்ளியும் நிறுவனமும் ஊர்க்காரர்களும் சேர்ந்து தாங்கக்கூடிய தொகை. கிளியர்வாட்டர் கடைக்காரர்கள் செய்ததும் அதுதான்.

இப்போது அந்த 40 சதவீதத்துக்கு வருவோம். வரிப்பட்டியலில் 8903 என்ற தலைப்பின் கீழ் உல்லாசப் படகுகளும் விளையாட்டுப் படகுகளும் ஒன்றாக இருக்கின்றன. கோடீஸ்வரரின் குளிரூட்டிய யாட்டும், 35 கிலோ ஆப்டியும் ஒரே வரி. 2025 செப்டம்பர் 22 வரை 28 சதவீதமாக இருந்தது அன்றிலிருந்து 40 ஆனது. அதே நாளில் கிரிக்கெட் மட்டை போன்ற விளையாட்டுப் பொருள்களுக்கு 12-லிருந்து 5 ஆகக் குறைந்தது. நின்றுகொண்டு ஓட்டும் பாய்ப் பலகை வரிப்பட்டியலில் விளையாட்டுப் பொருள், அதற்கு 5. உட்கார்ந்து ஓட்டும் பிள்ளையின் படகு யாட்டுகளோடு சேர்க்கப்பட்டதால் 40. 3 லட்சத்துப் படகுக்கு 15,000 கட்ட வேண்டிய இடத்தில் 1,20,000. ஒரு முறைக்கான செலவில் இது பெரிய மாற்றம் செய்யாது. 5 சதவீத வரி என்றால் 313 என்பது 276 ஆகும், மிச்சம் 37 ரூபாய். அடி விழுவது வாங்கும் நாளில். ஆறு படகுக்கு வரி மட்டும் 7 லட்சத்து 20 ஆயிரம். அந்தப் பணத்தில் வரியில்லாமல் இன்னும் இரண்டு படகு வாங்கிக் கையிலும் மிஞ்சும். இரண்டு படகு என்பது எட்டுப் பிள்ளைகள். குறிப்பிட்ட நீளத்துக்குக் கீழே, மோட்டார் இல்லாத, ஓராள் அல்லது ஈராள் பந்தயப் படகுகளைத் தனியாகப் பிரித்து விளையாட்டுப் பொருளாகச் சேர்ப்பது ஓர் அறிவிக்கையில் முடியும் வேலை. செய்ய வேண்டும்.

தமிழ்நாட்டின் கடற்கரை ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல். ராயல் மெட்ராஸ் யாட் கிளப் 1911-இல், அன்றைய துறைமுகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கின் முயற்சியில் பிறந்தது. டோக்கியோ ஒலிம்பிக்குக்குப் போன இந்தியப் பாய்மர அணியின் நால்வர், விஷ்ணு சரவணன், நேத்ரா குமணன், கே.சி.கணபதி, வருண் தக்கர், எல்லோருக்கும் தமிழ்நாட்டோடு தொடர்பு உண்டு. இவ்வளவு இருந்தும் சென்னையில் இந்த விளையாட்டு இன்னும் துறைமுக மதிலுக்குள்ளேயே இருக்கிறது. உள்ளே போக நுழைவுச் சீட்டு வேண்டும். மதிலுக்கு வெளியே, கடலைப் பார்த்தபடி வாழும் குப்பத்துப் பிள்ளைகள் எத்தனையோ ஆயிரம்.

15 வயதுக்குப் பின் என்ன என்று கேட்பார்கள். அங்கேயும் கணக்கு சாதகமாக இருக்கிறது. கனடாவின் புரூஸ் கிர்பி வரைந்து, லேசர் என்ற பெயரில் பிரபலமாகி, இன்று ஐ.எல்.சி.ஏ. எனப்படும் படகின் உடல் ஒன்றேதான்: 4.2 மீட்டர், 59 கிலோ. பாய்மரத்தின் கீழ்த்துண்டையும் பாயையும் மாற்றினால் 4.7 சதுர மீட்டர், 5.76, 7.06 என்று மூன்று வகை. ஆப்டியை விட்டுவந்த 16 வயதுப் பெண்ணும் ஒலிம்பிக் எடையுள்ள ஆணும் ஒரே உடலில், வேறு வேறு நாளில் பயிற்சி எடுக்கலாம். இரண்டு உடல், மூன்று பாய் வகை இருந்தால் கிளப்பின் மூத்த பிள்ளைகளைக் கைவிட வேண்டியதில்லை.

சென்னைத் துறைமுக மதிலுக்கு வெளியே, முட்டுக்காட்டுக் கழிமுகத்தில் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுத்துறை 1984 முதல் இருக்கிறது. துறைமுக நுழைவுச் சீட்டு வேண்டாம். கோடையில் மதியத்துக்குமேல் கடற்காற்று வரும். கோவளம் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே ஆறு ஆப்டியும் ஒரு மீட்புப் படகும் வைக்க, இன்றைய வரியோடு, முதல் செலவு 33 லட்சத்து 20 ஆயிரம். அதை அரசோ ஒரு நிறுவனமோ ஒரே தடவையில் வாங்கிக் கொடுத்துவிட்டால், மிச்சமிருக்கும் ஓட்டச் செலவு வருடத்துக்கு 7 லட்சத்து 84 ஆயிரம், ஒரு முறைக்கு 544 ரூபாய். பாதியைக் கிளப்பின் கட்டணம் கட்டும் பிள்ளைகள் ஏற்றால், மற்ற பாதியான 3 லட்சத்து 92 ஆயிரத்துக்குக் கோவளத்திலிருந்து 12 பிள்ளைகள் ஒரு வருடம் முழுக்க, தலைக்கு 60 முறை, காசு கொடுக்காமல் பாய் விரிக்கலாம்.